புரோசிஜர் அண்ணன் ரத்து செய்த தீர்ப்புகள்

தன் வீட்டுச் சேவலைத் திருடித் தின்றவனுக்காக வாதாடி, அவனுக்கு விடுதலையும் வாங்கிக் கொடுத்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் புரோசிஜர் அண்ணன். வேறு யாராவது இருந்தால் வாசகர்கள் எழுதலாம். நான் நம்ப மாட்டேன்.

அவருடைய சொந்தப் பெயர் அடையாள அட்டையில் இருக்கிறது. அதைப் பார்த்தவர்கள் குறைவு. பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கம் எஸ்டேட் லயங்களை, எங்கள் தொழிலாளர் வீட்டு வரிசைகளை, இடித்தபோது எங்களுக்கெல்லாம் ஒரு தாமானில், அதாவது புதுக் குடியிருப்பில், வீடு கிடைத்தது. அங்கே சின்னப் பிள்ளை முதல் மளிகைக்கடைச் சீனர் வரை எல்லாருக்கும் அவர் புரோசிஜர்தான். தொழில், கோர்ட் வளாகத்தில் தேநீர்க் கடை. எந்த ஊர் கோர்ட் என்று எழுதப் போவதில்லை. அங்கே இருப்பவர்கள் நல்லவர்கள், இன்னமும் வேலையில் இருக்கிறார்கள்.

இருபது வருடம் தே தாரிக் டீயை இழுத்து ஆற்றிய கை அது. தட்டோடு கோர்ட் பின்வாசலில் நின்று நின்று சட்டம் அவர் காது வழியாக உள்ளே போய்விட்டது. படிப்பு நான்காம் வகுப்பு. ஆனால் ஊரில் யார் எந்தச் சண்டையைச் சொன்னாலும் இரண்டு விரலை நெற்றிப்பொட்டில் வைத்துக்கொண்டு, "புரோசிஜர் படி நடந்துச்சா?" என்று கேட்பார். நடந்திருக்காது. எங்கள் தாமானில் எதுதான் அப்படி நடந்தது?

சேவல் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். கறுப்புச் சேவல். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் காணாமல் போனது. மதியம் பின் வரிசையில் இருந்த ஒருவன் பிடிபட்டான். ஊரில் அவனை வழுக்கை என்போம். பின்கட்டில் கறுப்பு இறகு, அடுப்பில் சட்டி, வாயில் எலும்பு. நாலு பேர் அவனை அப்படியே இழுத்து வந்து தாமான் மண்டபத்தில் உட்கார வைத்தார்கள். அண்ணன் வருவதற்குள் தீர்ப்பும் சொல்லிவிட்டார்கள். ஒரு வருடத்துக்குக் கோயில் பந்தியில் உட்காரக் கூடாது.

அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"தீர்ப்பு சொல்லியாச்சா?"

"சொல்லியாச்சுண்ணே. ஒரு வருசம் பந்தி கெடையாது."

"அதுக்கு இவன் என்னா சொன்னான்?"

"இவன் என்னாண்ணே சொல்றது? வாயில எலும்பு இருக்கு லா!"

"எலும்ப எடுக்கச் சொல்லிட்டுக் கேக்க வேண்டியதுதானே? அவன் பேச்சக் கேக்காம சொன்ன தீர்ப்பு செல்லாது."

மண்டபத்தில் ஒரே சத்தம். சரி, நீங்களே உட்கார்ந்து விசாரியுங்கள் என்றார்கள்.

"சேவல் என்னுது. நான் எப்பிடி விசாரிக்கிறது? கேஸ் போட்டவனே நீதிபதியா ஒக்கார முடியுமா?"

"அப்ப நாங்க விசாரிக்கிறோம்."

"நீங்க நாலு பேரும் அவனப் புடிச்சவங்க. நீங்க சாட்சி."

"அந்தா, மத்தவங்க இருக்காங்கள்ல?"

"கொழம்பு வாசம் புடிச்சுக்கிட்டு வந்தவங்க. அவங்களும் சாட்சி."

கடைசியில் மண்டபத்தில் முப்பது சாட்சிகள் இருந்தார்கள், விசாரிக்க ஒருவரும் இல்லை. வழுக்கை கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்து வீட்டுக்குப் போனான். மிச்சக் குழம்பு ஆறியிருக்கும்.

அண்ணன் மனைவி, எங்களுக்கு அக்கா, வாசலில் நின்றுகொண்டிருந்தார். "சேவலும் போச்சு. தின்னவனும் போயிட்டான்."

"போனான். ஆனா முறையா போயிருக்கான்" என்றார் அண்ணன்.

அடுத்த வாரம் வழுக்கை மனது கேட்காமல் ஒரு பெட்டைக் கோழியைக் கொண்டுவந்து அண்ணன் வீட்டு வேலியில் கட்டினான். அண்ணன் அவனை நிறுத்தி, "இது யாரு கோழி, எங்க வாங்குன?" என்று கேட்டார். வழுக்கை கூரையைப் பார்த்தான். கோழி திரும்பிப் போனது. அக்கா அது போவதை வேலி வரை வந்து பார்த்தார்.

இதை வைத்து அவரை இளகிய மனதுக்காரர் என்று நினைத்துவிடக் கூடாது. கோயில் கமிட்டியில் ஒரு பொருளாளர் இருந்தார். திருவிழாவுக்கு வைத்திருந்த நாற்காலிகளைத் தன் மச்சான் வீட்டுக் கல்யாணத்துக்கு வாடகைக்கு விட்டவர். கூட்டம் போட்டு அவரை நீக்கினார்கள். அண்ணன் கையைத் தூக்கினார். கூட்ட அறிவிப்பை எங்கே ஒட்டினீர்கள் என்று கேட்டார். ஸ்டோர் ரூம் கதவில்.

"கதவுக்கு வெளிய ஒட்டுனீங்களா, உள்ள ஒட்டுனீங்களா?"

உள்ளேதான். ஸ்டோர் ரூம் சாவி செயலாளரிடம் மட்டும் இருந்தது. ஆக அறிவிப்பைப் படித்தவர் அதை எழுதிய செயலாளர் ஒருவரே. நீக்கம் ரத்து. பொருளாளர் அண்ணன் காலில் விழாத குறை. அடுத்த மாதம் அறிவிப்பை வெளியில் ஒட்டி, ஏழு நாள் விட்டு, பொருளாளரை அரை மணி நேரம் பேசவும் விட்டு, திரும்ப ஓட்டு எடுத்தார்கள். நீக்க வேண்டும் என்று முதலில் கை தூக்கியவர் யார் தெரியுமா? புரோசிஜர் அண்ணன்.

"என்னாண்ணே, நீங்கதான என்னக் காப்பாத்துனீங்க?" என்று பொருளாளர் அழாத குறையாகக் கேட்டார்.

"அன்னைக்கு ஒன்னத் தப்பாத் தூக்குனாங்க. இன்னைக்கு முறையாத் தூக்கியிருக்கோம். போயி தேத்தண்ணி குடி."

நானும் மற்றவர்களோடு சேர்ந்து இதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தவன்தான். என் முறை வரும் என்று நினைக்கவில்லை.

நான் ஒரு பள்ளிக்கூடத்தில் ஜாகா, காவல்காரன். கேட்டைத் திறப்பது, மூடுவது. அதிகம் பேச வேண்டியதில்லை என்பதால் அந்த வேலை எனக்குப் பிடிக்கும். லயத்தில் பிறந்து ஆறாம் ஆண்டோடு படிப்பை விட்டவன் நான். எங்கள் அப்பா, வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் "ஆமாங்க" என்பார். மண்டோர் ஆபீஸ் கிராணியிடம் "ஆமாங்க" என்பார். கிராணி துரையிடம் "யெஸ் சார்" என்பார். துரை யாரிடம் என்ன சொன்னாரோ எங்களுக்குத் தெரியாது. மேசைக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்து ஏதாவது கேட்டால் எங்கள் கழுத்து தானாக ஆடும். கேள்வி என்ன என்பது அதற்கு அப்புறம்தான்.

ஒரு நாள் வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் எஸ்டேட் ரோட்டு வழியாக வந்தேன். நடு ரோட்டில் ஒரு சாக்கு கிடந்தது. உள்ளே, எண்ணெய் எடுக்கும் செம்பனையின் உதிரிப் பழம். லோரியிலிருந்து விழுந்திருக்க வேண்டும். போகிற வழியில்தானே எஸ்டேட் ஆபீஸ், கொடுத்துவிடலாம் என்று மோட்டாரில் வைத்துக் கட்டினேன். ஆபீஸுக்கு இரண்டு வளைவு இருக்கும்போது எஸ்டேட் காவல்காரர்கள் நிறுத்தினார்கள். இது எஸ்டேட் பழமா? ஆமாங்க. பெர்மிட் இல்லாமல்தான் கொண்டு போகிறாயா? ஆமாங்க. அவர்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் நான் ஆமாம் சொன்னேன். கொடுக்கத்தான் போகிறேன் என்பதை மட்டும் சொல்லவில்லை.

அவர்கள் போலீஸில் ஒப்படைத்தார்கள், வழக்கு ஆனது. கோர்ட்டுக்குப் போன நாள் காலை அங்கே ஏழெட்டு வழக்கு. என் பெயரைக் கூப்பிட்டார்கள். மலாயில் வேகமாக ஏதோ படித்தார்கள். எனக்குச் சந்தை மலாய் தெரியும். மீன் விலை கேட்பேன், பஸ் எப்போது வரும் என்று கேட்பேன். இது அந்த மலாய் இல்லை. தமிழில் சொல்ல அங்கே யாரும் இல்லை. மாஜிஸ்திரேட் என்னைப் பார்த்து, புரிந்ததா என்றார். எங்கள் வீட்டு 'ஆமாங்க' மலாயில் வந்தது.

"யா, துவான்."

குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா?

"யா, துவான்."

ஏதாவது சொல்ல வேண்டுமா?

"யா, துவான்" என்று சொல்லிவிட்டு நான் ஒன்றும் சொல்லாமல் நின்றேன். அவர் கொஞ்சம் காத்திருந்து பார்த்தார். நல்ல மனிதர். அப்புறம் அபராதம் போட்டார். முழுதாகப் பத்து நிமிடம் ஆகியிருக்காது. நான் திருடன் ஆகிவிட்டேன்.

வெளியே வந்தால் என் மனைவி. அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. "திருட்டுக் கேஸ் ரெக்கார்டு இருக்கிறவன எந்தப் பள்ளிக்கூடத்துல ஜாகாவா வச்சுக்குவாங்க?" என்றாள். வைத்துக்கொள்ளவில்லை. எனக்குச் சம்பளம் கொடுத்த காவல் கம்பெனியில் அன்றே சீருடைச் சட்டையைத் திருப்பிக் கேட்டார்கள். ரெக்கார்டு சுத்தமானால் வா என்றார்கள். தலைமையாசிரியை மட்டும், கொஞ்ச காலம் இடத்தைப் பிடித்து வைக்கிறேன் என்றார்.

அன்று மதியம் அண்ணன் கடை மூலையில் யாருக்கும் முகம் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அவர் டீ இழுத்துக்கொண்டே கேட்டார்.

"என்னா தம்பி, இந்தப் பக்கம்?"

"கேஸுண்ணே. பழம்."

"டேட்டு குடுத்தாங்களா?"

"இல்லண்ணே. ஒத்துக்கிட்டேன். முடிஞ்சிருச்சு."

"இன்டர்பிரட்டர் என்னா சொன்னாரு?"

"தமிழுக்கு யாரும் இல்லண்ணே."

மேல் கை மேலேயே நின்றது. கீழ் கை கீழேயே நின்றது. டீ மட்டும் நிற்கவில்லை. பாதி அவர் செருப்பில் விழுந்தது. அவர் கவனிக்கவில்லை.

"யாருமே இல்லயா?"

"இல்லண்ணே."

"டேய், சேவலத் தின்னவனயே நான் விட்டுக் குடுக்கல. ஒன்ன எப்பிடிடா விட்டுக் குடுப்பேன்?"

கடையில் சீனியும் பாலும் இல்லாத தே ஓ குடிக்கும் ஒரு லாயரம்மா உண்டு. பணம் இல்லாதவர்களுக்குச் சட்ட உதவியில் வாதாடுகிறவர், சின்ன வயது. அண்ணன் அவர் முன்னால் என்னை நிறுத்தினார். லாயரம்மா பேனாவைத் திறந்துகொண்டு என்னிடம், "அண்ணே, அன்னைக்குப் படிச்சது உங்களுக்குப் புரிஞ்சுதா?" என்று கேட்டார்.

"ஆமாம்மா" என்றேன்.

லாயரம்மா பேனாவை மூடினார். அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார்.

"இவன்கிட்ட அப்பிடிக் கேக்காதீங்க லாயரம்மா. இங்க பாருங்க. தம்பி, நேத்து நீ லண்டன்ல இருந்தியா?"

அவர் மேசைக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டதால் என் கழுத்து ஆடிவிட்டது. லாயரம்மா ரொம்ப நேரம் சிரித்தார். பிறகு பேனாவைத் திரும்பத் திறந்து, "சரி, அன்னைக்குக் காலையில எழுந்ததுல இருந்து சொல்லுங்க" என்றார். சொன்னேன். அப்படி யாரும் என்னைக் கேட்டதே இல்லை.

நானாக ஒத்துக்கொண்ட வழக்குக்கு அப்பீல் போக முடியாதாம். ஆனால் நான் ஒத்துக்கொண்ட விதம் சரியா என்று ஹைகோர்ட் அந்தக் கோப்பை வரவழைத்துப் பார்க்கலாமாம். கோப்பின் நகல் வந்தது. அதில், குற்றச்சாட்டு தமிழில் விளக்கப்பட்டது, புரிந்துகொண்டார் என்று இருந்தது. எல்லாருக்கும் போடுகிற வரி, எனக்கும் போட்டிருக்கிறார்கள். லாயரம்மா முகம் சுருங்கிவிட்டது.

"யாரு வெளக்குனது?" என்றார் அண்ணன். "தமிழ் இன்டர்பிரட்டர் வேலைக்கு வந்தா என் கடையில ரெண்டு கறிபாப் பலகாரத்தச் சும்மா எடுத்துத் தின்னுவாரு. அன்னைக்கு ரெண்டும் மிச்சம். நான்தான் தின்னேன்."

"கறிபாப்ப எல்லாம் ஹைகோர்ட்ல சொல்ல முடியாதுண்ணே."

"சொல்ல வேணாம். அவரு அன்னைக்கு லீவான்னு கேளுங்க."

லீவுதான். ஈப்போவில் சொந்தக்காரர் கல்யாணம். மொழிபெயர்ப்பாளர் நேர்மையானவர். கேட்டதும் எழுதிக் கொடுத்துவிட்டார். கறிபாப் கணக்கு மட்டும் அவருக்குக் கடைசிவரை தெரியாது.

கோப்பு மேலே போய்த் திரும்பும்வரை அண்ணன் கடையில் கிளாஸ் கழுவினேன். ஹைகோர்ட் தேதி அன்று இருபது வருடத்தில் முதல் தடவையாக அண்ணன் கடையை மூடினார். முழுக்கை சட்டை, இரவல் சப்பாத்து. கோர்ட்டுக்குள் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். உட்காரத் தெரியவில்லை. இரண்டு கையையும் முன்னால் நீட்டித் தட்டுப் பிடிக்கிற மாதிரியே வைத்திருந்தார். நீதிபதி கேட்டார், லாயரம்மா சொன்னார், மொழிபெயர்ப்பாளர் எழுதிய கடிதத்தைக் கொடுத்தார். புரிந்துகொண்டு ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ள முடியாது, தீர்ப்பு ரத்து, வேறு மாஜிஸ்திரேட் முன்னால் புதிதாக விசாரிக்கட்டும் என்று நீதிபதி சொல்லிவிட்டார்.

"அப்ப ஜெயிச்சோமா தோத்தோமா?" என்று என் மனைவி கேட்டாள்.

"ரெண்டும் இல்லம்மா. ஆட்டத்த முதல்லேருந்து ஆடணும். இந்தத் தடவ இவன் வாயத் தொறக்கணும், அவ்வளவுதான்" என்றார் அண்ணன்.

அதுதான் கஷ்டம். நான் ஒப்புக்கொள்ளவில்லை, விசாரணை வேண்டும் என்று நானே சொல்ல வேண்டும். வீட்டில் மனைவி பழக்கினாள். சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "இன்னும் சோறு வைக்கட்டுமா?" என்பாள். நான் இல்லை என்று சொல்ல வேண்டும். அந்த மாதம் என் கால்சட்டைகள் எல்லாம் இறுக்கமாகிவிட்டன.

புது மாஜிஸ்திரேட் ஓர் அம்மா. இந்தத் தடவை மொழிபெயர்ப்பாளர் என் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். இன்ன நாள், இன்ன இடம், இத்தனை கிலோ பழம், திருடியதாகக் குற்றச்சாட்டு. முதல் தடவையாக என் மேல் என்ன குற்றம் என்று எனக்குத் தெரிந்தது. கேட்கக் கேட்க எனக்கே அந்தப் பழத் திருடன் மேல் கோபம் வந்தது.

"ஒப்புக்கொள்கிறீர்களா?"

கழுத்து ஆட ஆரம்பித்தது. கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பின்வாசல் கண்ணாடியில் அண்ணன் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். தட்டில் நாலு கிளாஸ். நாலும் ஒன்றோடொன்று மோதுகிற சத்தம் உள்ளே வரை கேட்டது.

"இல்ல" என்றேன்.

மாஜிஸ்திரேட் அம்மாவுக்குக் கேட்கவில்லை. திரும்பக் கேட்டார். ஒரு 'இல்லை'க்கே நான் ஒரு மாதம் சோறு தின்றிருக்கிறேன். இரண்டாவதுக்கு எங்கே போவது? ஆனால் வந்தது. முதலைவிடச் சத்தமாகவே வந்தது. "இல்லீங்க. நான் அத ஆபீஸ்ல குடுக்கத்தான் கொண்டு போனேன்." பேச வேண்டிய நேரம் அது இல்லை என்று மொழிபெயர்ப்பாளர் என் முழங்கையைத் தொட்டார். எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. சாக்கு கிடந்த இடம், லோரி, இரண்டு வளைவு, எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் நிறுத்தினேன்.

விசாரணை நடந்தது. எஸ்டேட் லோரி ஓட்டுநர் வந்து, அன்று பின்கதவு சரியாகப் பூட்டவில்லை, சாக்கு விழுந்திருக்கும் என்றார். இதை அவரிடம் அதுவரை யாரும் கேட்கவில்லையாம். காவல்காரரும், ஆள் போய்க்கொண்டிருந்தது ஆபீஸ் பக்கம்தான் என்று ஒப்புக்கொண்டார். என்னை விடுதலை செய்தார்கள். தலைமையாசிரியை இடத்தைப் பிடித்து வைத்திருந்தார். அடுத்த திங்கட்கிழமை கேட்டைத் திறந்தேன்.

அண்ணன் இப்போது மகளோடு ரவாங்கில் இருக்கிறார். அங்கேயும் குடியிருப்புச் சங்கம் யாருக்கோ போட்ட அபராதத்தை ரத்து செய்துவிட்டார் என்று கேள்வி. போன மாதம் ஒரு சனிக்கிழமை மதியம் நானும் மனைவியும் பார்க்கப் போனோம். அவரே டீ இழுத்தார். கை கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, இழுவை முழம் நீளத்துக்குக்கூட வரவில்லை. பேச்சுவாக்கில், ரொம்ப நாளாக மனதில் இருந்ததைக் கேட்டேன்.

"அண்ணே, அந்தப் பழத்த நான் திருடுனேனா இல்லயான்னு ஊரே கேட்டுச்சு. நீங்க மட்டும் ஒரு நாளும் கேக்கலயே?"

"கேக்கலதான்."

"ஏண்ணே?"

அவர் கிளாஸை என் பக்கம் தள்ளினார். "கேட்டு, திருடுனேன்னு நீ சொல்லியிருந்தாலும் நான் வந்திருப்பேன். அப்புறம் எதுக்குக் கேக்கணும்?"

நான் திருடவில்லை. கோர்ட்டில், கம்பெனியில், சொந்தக்காரர்கள் வீட்டில், எத்தனையோ பேரிடம் சொல்லி அலுத்துவிட்டேன். அண்ணனிடம் மட்டும் இன்றுவரை அப்படிச் சொல்ல வேண்டி வந்ததில்லை. டீயைக் குடித்துவிட்டு, அன்று மாலை வரை வேறு கதைகள் பேசிக்கொண்டிருந்தோம்.